கொடைக்கானல் போகாத இலைகள்

"முத்திரை கொடைக்கானல்தான். சந்தேகமே இல்லை" என்று சொல்லிவிட்டு, கடித உறையை மேஜைமேல் போட்டார் சிங்காரம். "இன்ஸ்பெக்டரும் இதைத்தானே சொன்னாரு?"

"ஆமாங்க. முத்திரையப் பாத்துட்டு, 'உன் புருஷன் மலையில ஜம்முனு இருக்கான், நீ வீட்டுக்குப் போயி சோத்த வடி'ன்னாரு" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த சலீமா பீவி.

"பரவாயில்லையே. முத்திரைய எழுத்துக் கூட்டுற அளவுக்குப் படிச்சிருக்காரு. அதுக்கு மேல எதிர்பார்த்தா அது நம்ம தப்பு."

கடலூர் செம்மண்டலத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது சிங்காரத்தின் துப்பறியும் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி, அப்புறம் சுப்புராயன்.

சிங்காரம் ஒரு காலத்தில் ஹைஸ்கூல் தாவர இயல் வாத்தியார். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் தொட்டியில் இருந்த கற்றாழையைக் காட்டி, "இதுவும் கள்ளி ஜாதிதானே?" என்று கேட்க, "இந்த மாதிரி பதிலுக்கு நான் பெஞ்சு மேல ஏத்துவேன் சார்" என்று சொன்னவர். அன்று சாயந்திரமே வேலை போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. அவருடைய உதவியாள் சுப்புராயன் அதற்கு முன் சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன். சிங்காரத்தின் வாயைப் பொறுத்துக்கொள்ளும் ஒரே மனிதன். காரணம், அவனுக்கும் அதே வியாதி.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார் சிங்காரம்.

சலீமா பீவிக்கு முப்பது வயதிருக்கும். முதுநகரில் வீடு. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, அழாமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

அவள் கணவன் ரஃபியுதீனுக்கு ஒரு விசித்திரமான தொழில். மலையிலும் கடற்கரையிலும் அலைந்து செடிகொடிகளைப் பறித்து வந்து, காகிதத்தில் வைத்து அமுக்கிக் காயவைத்து, காலேஜ்களின் ஆய்வுக்கூடத்துக்கு சப்ளை செய்வான். நாலு மாதத்துக்கு முன் கீரப்பாளையம் ரோட்டோரம் வாய்க்காலில் செடி பறித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கார் வந்து, நடவு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அமிர்தம் என்ற பெண்மேல் ஏறியது. அந்த இடத்திலேயே அவள் உயிர் போயிற்று. கார், நெல் மில் முதலாளி ரத்தினசபாபதியுடையது. ஓட்டியவரும் அவரேதான். ஆனால் போலீஸ் கேஸில் ஓட்டியது டிரைவர் ஆண்டி. இல்லை, முதலாளிதான் என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி ரஃபியுதீன்.

"நாளைக்குக் காலைல சிதம்பரம் கோர்ட்டுல அவரு சாட்சி சொல்லணும். ஒம்போது நாளா ஆளக் காணோம். நேத்து இந்தக் கடுதாசி வந்துச்சு."

சுப்புராயன் கடிதத்தை உரக்கப் படித்தான்:

"அன்புள்ள சலீமாவுக்கு. நான் செடி சேகரிக்கக் கொடைக்கானல் வந்திருக்கிறேன். திரும்ப ஒரு மாதம் ஆகும். சம்பவத்தன்று இருட்டிவிட்டதால் காரை ஓட்டியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. இதை ஆண்டியின் வக்கீலிடம் கொடுத்துவிடு. இத்துடன் மலையில் பறித்த பைன் இலையும் பெரணியும் வைத்திருக்கிறேன். சிதம்பரம் காலேஜில் சேர்த்துவிடவும்."

"இருட்டாம்!" என்றாள் சலீமா பீவி. "சாயந்தர வெயிலு கண்ணைக் குத்துச்சு."

"எழுத்து அவரோடதுதானா?"

"அவரு எழுத்துதான். அதுல சந்தேகமில்ல."

சிங்காரம் கடிதத்தோடு வந்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே அமுக்கிக் காயவைத்த இரண்டு சாமான்கள். ஒன்று, நீளநீளமாகப் பச்சை ஊசிகள் தொங்கும் சின்னக் கிளை. கீழே சீட்டில் 'பைன், கொடைக்கானல்' என்று எழுதியிருந்தது. இன்னொன்று, தடித்த தோல் போன்ற இலைகள் கொண்ட பெரணித் துண்டு.

"சுப்புராயா, இது என்ன?"

"பைன் மரம் சார். எங்க மாமா வீட்டுக் காலண்டர்ல ஏரிக்குப் பக்கத்துல நிக்கும்."

"ஒரு ஊசிய ரெண்டு கையாலயும் புடிச்சு இழு."

சுப்புராயன் இழுத்தான். ஊசி கிழியவில்லை, முறியவில்லை. நடுவில் ஒரு கணுவில் 'டிக்' என்று கழன்று வந்தது. திரும்ப வைத்தால் பொருந்திக்கொண்டது. சுப்புராயன் முகத்தில் அசடு வழிந்தது.

"அடச்சே! தேவனாம்பட்டணம் கடற்கரையில இதக் கழட்டி ஒட்டவெச்சு, 'எந்தக் கணு சொல்லு'ன்னு ஆயிரம் தடவ வெளையாடியிருக்கேன். இது சவுக்கு!"

"சவுக்கேதான்" என்றார் சிங்காரம் பூதக்கண்ணாடியை நீட்டி. "பைன் ஊசிக்குக் கணுவே கிடையாது. வழுவழுன்னு ஒரே நீட்டு. தனியாவும் வராது. ரெண்டோ, மூணோ, அஞ்சோ கொத்தா வரும். அடியில காகிதச் சுருள் மாதிரி ஒரு உறை அதுங்களச் சேத்துப் புடிச்சிருக்கும். இங்க உறையும் இல்ல, கொத்தும் இல்ல. சவுக்குல நாம இலைன்னு நெனக்கறது இலையே இல்லடா, பச்சைக் குச்சி. நெசமான இலை எது தெரியுமா? கணுவுக்குக் கணு வட்டமா நிக்குதே, இந்தப் பொடிப் பல்லு, அதுதான். காய் கூடக் கூம்பு மாதிரி வேஷம் போடும். ஆனா சவுக்கு பூக்கற மரம். ஊசியிலை மரத்துக்குப் பூவே கிடையாது." மூச்சு விட்டு, வெற்றியோடு சலீமா பீவியைப் பார்த்தார். "அம்மா, இந்தக் கிளை கொடைக்கானலப் பாத்ததே இல்ல!"

"தெரியுங்க" என்றாள் அவள்.

"என்ன?"

"பன்னெண்டு வருஷமா அவரு கொண்டார இலைய அமுக்கிக் காயவெச்சு ஒட்டுறது நான்தானே? பிரிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. நேத்து இன்ஸ்பெக்டருகிட்ட காட்டினேன், 'அழகான பைன்'னாரு. வக்கீல் குமாஸ்தா மோந்து பாத்துட்டு, மலை வாசம் அடிக்குதுன்னாரு. உங்களுக்காவது தெரியுதான்னு பாக்கத்தான் சும்மா இருந்தேன்."

சுப்புராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"பெரணி?" என்றார் சிங்காரம் கொஞ்சம் இறங்கி.

"அதுதான் எனக்குத் தெரியல. ஒரு தடவ கூட அவரு இத வீட்டுக்குக் கொண்டாந்ததில்ல."

சிங்காரம் புரட்டிப் பார்த்தார். கீழ்ப்பக்கத்து இலைகள் பச்சை. நுனிப் பக்கத்து இலைகளுக்கு அடியில் மட்டும் பூராவும் பழுப்பு, துருப்பிடித்த தகரம் மாதிரி. "பெரணிக்கு வித்துப் பொடி இலைக்கு அடியில புள்ளி புள்ளியா வரிசையா இருக்கும். இல்லைன்னா ஓர மடிப்புக்குள்ள இருக்கும். இதுல ஒரு புள்ளியும் காணோம். நோய் விழுந்த இலை. இருந்தாலும் சிதம்பரத்துல ஒருத்தர்கிட்ட காட்டிடுவோம். கெளம்புங்க!"

சிதம்பரம் பஸ்ஸில் சிங்காரம் தன் முடிவைச் சொன்னார். "ஆளை எங்கேயோ கட்டிப்போட்டு, கடுதாசி எழுத வெச்சிருக்காங்க. எழுதற கைய அவுங்க புடிச்சிருந்தாலும், இலைய வெச்சது இவரு மூளை. 'நான் சவுக்குத் தோப்புல இருக்கேன், வந்து காப்பாத்து'ன்னு செய்தி அனுப்பியிருக்காரு."

"கடலூர்லேருந்து நாகப்பட்டணம் வரைக்கும் கடலோரம் பூரா சவுக்குத்தானே சார்? ஒவ்வொரு தோப்பாப் போயி, 'உள்ள யாரையாச்சும் கட்டிப்போட்டிருக்கீங்களா'ன்னு கேப்பமா?"

"அதுக்குத்தாண்டா பெரணி."

சுப்புராயன் முன்சீட்டுப் பக்கம் குனிந்தான். "அம்மா, அன்னைக்கு வெயில் கண்ணைக் குத்துச்சுன்னீங்களே, அது எப்படி..."

"அவரு சொன்னாரு" என்று அவள் சட்டென்று சொல்லி வெளியே பார்த்தாள்.

"நீ கேக்கற கேள்வியெல்லாம் வெயிலப் பத்தியும் சோத்தப் பத்தியும்தான்" என்று சிங்காரம் அவனை அடக்கினார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டின் சைக்கிள் நெரிசலைத் தாண்டி, காலேஜ் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். அங்கே செய்முறை வகுப்பு நடத்தும் சவரியம்மாள், சிங்காரத்தோடு ஒன்றாகப் படித்தவள். பரீட்சையில் அவள் முதலாவது. சிங்காரம் எத்தனையாவது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"நோய் விழுந்த பெரணின்னு நெனக்கறேன், சவரி" என்று இலையை நீட்டினார்.

அவள் கண்ணாடியை மாட்டி, ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இலையை விட்டு அவரையே பார்த்தாள்.

"நோய் உன் கண்ணுலதான். அதனாலதான் நீ துப்பறியப் போன, நான் இங்க இருக்கேன். புள்ளி புள்ளியா இருந்தாத்தான் பெரணியா? இந்த ஜாதிக்குப் புள்ளியே கிடையாது. மேல் இலைகளோட அடிப்பக்கம் பூரா வித்துப் பொடி, கம்பளி விரிச்ச மாதிரி. கீழ் இலைகள்ல ஒண்ணுமே இருக்காது. பாரு, நரம்பெல்லாம் வலை மாதிரி பின்னிக்கிட்டிருக்கு. இலை தோல் மாதிரி தடிமன். மலைக் குளிர்ல இந்தத் தடிமன் எதுக்கு? உப்புத் தண்ணியில நிக்கறதுக்குத்தான். இது உப்பங்கழியில வளர்ற பெரணி. மலையேறினா செத்துடும்."

"எந்தக் கழி?" என்றான் சுப்புராயன்.

"பிச்சாவரம் பக்கம் நான் அலைஞ்ச வரைக்கும் ஜாஸ்தி கண்ணுல படல. வாய்க்காலோட நல்ல தண்ணி வந்து உப்புத் தண்ணியில கலக்கற எடமாப் பாத்து நிக்கும். கிள்ளைக்குக் கிழக்கால விசாரிச்சுப் பாருங்க. பொட்டலத்துல சவுக்கும் இருக்கு, அதுவும் பக்கத்துலயே நிக்கணும், இல்லையா?" அவள் இலையைச் சலீமா பீவியிடம் கொடுத்தாள். "ரொம்ப நேர்த்தியா அமுக்கியிருக்காரு. ஒரு மடிப்பு இல்ல. பயத்துல இருக்கறவன் கை இப்படி வேலை செய்யாதே."

சலீமா பீவி இலையைப் பொட்டலத்தில் மடித்து வைத்தாள். சவரியம்மாள் கடைசியாகச் சொன்னதைச் சிங்காரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரீட்சையில் மறுபடி தோற்ற கோபத்தில் அவர் வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.

கிள்ளையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்று. கழிக்கரையில் சின்னம்மாள் என்ற இறால் பிடிக்கும் பெண், இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி, பல்லில் கடித்திருந்த பறிக்கூடையில் இறாலைப் போட்டுக்கொண்டிருந்தாள். சுப்புராயன் பெரணியைத் தூக்கிக் காட்டினான்.

"அக்கா, இந்தச் செடியும் சவுக்கும் ஒண்ணா நிக்கற எடம் இருக்கா?"

அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "ஆளுயரத்துக்கு நிக்குமே, மேல துருப்புடிச்சாப்ல, அதா? வாய்க்கா வந்து வுழுற எடத்துல ஒரு பொதர் இருக்கு. பாய் தோப்போரம்."

"எந்த பாய்?" என்றாள் சலீமா பீவி.

"கடலூர் பாய். அப்துல் ஜலீலுன்னு பேரு. சிங்கப்பூர்ல இருந்துட்டு வந்தவரு. போன வருசந்தான் தோப்ப வாங்கினாரு."

சலீமா பீவியின் முகம் வெளுத்தது. சிங்காரம் பார்த்துவிட்டார். "தெரிஞ்சவரா?"

"எங்க அண்ணன்" என்றாள். "போன வாரம் மதுரைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போச்சு."

"மதுரையிலேருந்து கொடைக்கானலுக்கு பஸ் உண்டு" என்றார் சிங்காரம். "தபால் பெட்டியும் உண்டு. சபாஷ்! மில்காரன் கைக்கூலி சொந்த மச்சானே! சுப்புராயா, தடி எடுத்துக்க."

"எதுக்கு சார்? நீங்க பேசினாலே போதும், ஓடிடுவான்."

சின்னம்மாளின் படகு அவர்களை வாய்க்கால் முனையில் இறக்கிவிட்டது. துருப்பிடித்த உச்சியோடு பெரணிப் புதர் ஆளுயரம் நின்றது. அதற்கு அப்பால் மணல்மேட்டில் வரிசை வரிசையாகச் சவுக்கு. தோப்பின் நடுவே ஒரு கீற்றுக் கொட்டகை.

சிங்காரம் பதுங்கிப் பதுங்கி முன்னால் போனார். தடியோடு சுப்புராயன். பதுங்க வேண்டிய அவசியமே இல்லை. கொட்டகையின் கதவு திறந்து கிடந்தது. கயிறும் இல்லை, காவலும் இல்லை. உள்ளே ரஃபியுதீன் பாயில் உட்கார்ந்து, பழைய தினத்தாளுக்கு நடுவில் இலைகளை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அப்துல் ஜலீல் தூக்குச்சட்டியிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐந்தாவதாக வாசலில் வந்து நின்ற சலீமா பீவியைப் பார்த்ததும் டீ பாயில் சிந்தியது.

"காப்பாத்த வந்தோம்" என்றார் சிங்காரம். "டீ ஆறிடப் போகுது, குடிச்சிட்டே வாங்க."

ரஃபியுதீன் எழுந்தான்.

"நான் சொன்னதுதான்" என்று ஜலீல் முன்னால் வந்தார். "அந்த மில்காரன் என்ன வேணாலும் செய்வான். கேஸு முடியற வரைக்கும் மச்சான் இங்க இருக்கட்டும்னேன். கடுதாசிய நான்தான் கொண்டுபோயி கொடைக்கானல்ல போட்டேன். இலைய வெச்சா நம்புவாங்கன்னு மச்சான்தான் சொன்னாரு. பொட்டலத்த ஒட்டிக் குடுத்தாரு. பிரிச்சா பூசணம் புடிக்கும்னாரு, நான் பிரிக்கல."

"பிரிச்சிருந்தா உங்க தோப்பு உங்களுக்கே அடையாளம் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சிங்காரம் ரஃபியுதீன் பக்கம் திரும்பினார். அவருடைய வாய் இப்போது முழுசாகத் திறந்துகொண்டது. "ஒருத்தன் செய்யாத தப்புக்கு நாளைக்கு ஜெயிலுக்குப் போறான். நீங்க இங்க நிழல்ல உக்காந்து இலைய அமுக்கறீங்க! வாயால சொல்லவேண்டியதச் சவுக்குக் குச்சிய வெச்சுச் சொல்லியிருக்கீங்க. 'நான் கோழை, யாராச்சும் வந்து இழுத்துட்டுப் போங்க'ன்னு செய்தி! குப்பையில மொளைக்கற காளான் கூட உங்களவிட நிமிர்ந்து நிக்கும்யா!"

"போதும் சார்" என்றாள் சலீமா பீவி. "அவரத் திட்டணும்னா நான் திட்டிக்கறேன்."

"இழுத்துட்டுப் போறதுக்காக வெக்கல" என்றான் ரஃபியுதீன். முதல் தடவையாகப் பேசினான். அவன் சிங்காரத்தைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தான். "உன்கிட்ட பொய் சொல்ல மனசு வரல. சவுக்கப் பாத்தா, கடுதாசி பூரா பொய்யின்னு உனக்குப் புரியும். நான் உசுரோட, சொந்த புத்தியோட இருக்கேன்னும் தெரியும். எடம் மட்டும் தெரியக் கூடாது. அதுக்குத்தான் நீ பாக்காத பெரணியா எடுத்து வெச்சேன். நீ தேடி வரக் கூடாதுன்னுதான்."

சிங்காரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஏன் வரக் கூடாது?" என்று அவரை முந்திக்கொண்டு கேட்டான் சுப்புராயன். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"அந்த ரத்தினசபாபதி என் கடைசிப் பாட்டன் வரைக்கும் திட்டியிருந்தாக்கூட நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். அவன் மெரட்டவே இல்லீங்க. சிதம்பரம் கடைத்தெருவுல காரை நிறுத்திட்டு, சிரிச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். 'அன்னைக்கு வாய்க்கால்ல ஒரு வெள்ளைத் துப்பட்டி தெரிஞ்சுதே, அது யாரு பாய்?'ன்னான்."

வெளியே சவுக்குத் தோப்பில் காற்று இரைந்தது.

"நீங்களும் அங்க இருந்தீங்களா?" என்று சிங்காரம் மெதுவாகக் கேட்டார்.

"இருந்தேன்" என்றாள் சலீமா பீவி. "கூட்டம் கூடறதுக்கு முன்னாடி இவரு என்னை வரப்பு வழியா அனுப்பிட்டாரு. அங்க இல்லவே இல்லன்னு யாரு கேட்டாலும் சொல்லணும்னு சத்தியம் வாங்கிட்டாரு. போலீஸும் கேக்கல. வக்கீலும் கேக்கல." சிங்காரத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கேக்கல."

காலையிலிருந்து ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காத சிங்காரத்துக்கு அப்போது ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் கேட்ட ஒருவனின் வாயையும் அவரே அடைத்திருந்தார். சுப்புராயன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கையிலிருந்த தடியைப் பார்த்து வெட்கப்பட்டு, மூலையில் சாத்திவைத்தான்.

"இன்னைக்கு வரைக்கும் சத்தியத்தக் காப்பாத்தினேன்" என்றாள் சலீமா பீவி கணவனிடம். "நீங்க போயி சொல்லிடுவீங்கன்னு காப்பாத்தினேன். நீங்க போகலன்னா, நாளைக்கு நான் போவேன்."

ஜலீல் பதறினார். "தங்கச்சி, நம்ம வீட்டுப் பொம்பள கோர்ட்டுக் கூண்டுல ஏறுறதா? ஊரு என்ன பேசும்?"

"அந்தப் பொண்ணு சாகறப்போ ஊரு எங்கண்ணே இருந்துச்சு? அவ தலை என் மடியிலதான் இருந்துச்சு. தண்ணி கேட்டா. வாய்க்கா தண்ணியக் கையில அள்ளிக் குடுத்தேன், பாதிதான் உள்ள போச்சு. பேரு அமிர்தம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது." அவள் குரல் அங்கேதான் ஒரு தரம் உடைந்தது. "நாலு மாசமா தூக்கம் இல்ல. ஆண்டி பொண்டாட்டி வீட்டுக்கு வந்து, 'உங்க வீட்டுக்காரர நம்பித்தான் இருக்கோம் அக்கா'ன்னு சொல்லிட்டுப் போறா. நான் அவ மூஞ்சியப் பாக்க முடியாம அடுப்பப் பாத்துக்கிட்டு நிக்கறேன். மில்காரன் என்னை என்ன செய்வான்? செய்யட்டும். ரெண்டு பேரும் வெளிச்சத்துல நின்னு சொல்லிட்டா, அப்புறம் அவன் யாரைப் பாத்து 'அது யாரு'ன்னு கேப்பான்?"

ரஃபியுதீன் குனிந்து, விரித்திருந்த தினத்தாளை மூடி, இலைகளைக் கட்டினான்.

"செருப்பு எங்க மச்சான்?" என்றான் ஜலீலிடம்.

மறுநாள் காலை சிதம்பரம் கோர்ட்டில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் மில் முதலாளி ரத்தினசபாபதி, மல்லு ஜிப்பாவும் கைவிசிறியுமாக உட்கார்ந்திருந்தார். சாட்சி கொடைக்கானலில் இருப்பதாக அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். ரஃபியுதீன் கூண்டில் ஏறியபோது விசிறி நின்றது.

ரஃபியுதீன் பார்த்ததைச் சொன்னான். கடிதம் எழுதியதையும் மறைக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அவனைப் பந்தாடினார். பொய் எழுதியவன் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டு, திருப்தியாக உட்கார்ந்தார். ஆண்டி கைதிக் கூண்டில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"இன்னொரு சாட்சி இருக்கிறது" என்று ஆண்டியின் வக்கீல் எழுந்தார்.

வெள்ளைத் துப்பட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. சலீமா பீவி கூண்டில் ஏறி, இருட்டா வெளிச்சமா என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கார் நின்றதும் முதலாளி ஸ்டீரிங் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். அடிபட்டவளை ஒரு தரம் பார்த்தார். ஆண்டி மறுபக்கக் கதவிலிருந்து இறங்கி அவளைத் தூக்க ஓடிவந்தான். "ஏறுடா" என்று சத்தம் போட்டு அவனை ஏற்றிக்கொண்டு, அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு தூரம் அம்மா?"

"முப்பதடி இருக்குங்க."

"முப்பதடி தூரத்திலிருந்து ஓட்டியவர் முகம் உனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததாக்கும்?"

"பெரணி இலைக்கு அடியில இருக்கற பொட்டு வட்டமா, நீட்டமா, ஓரத்துல இருக்கா, நடுவுல இருக்கான்னு பாத்துப் பிரிச்சு சீட்டு எழுதறதுதாங்க என் வேலை. ஒவ்வொரு பொட்டும் கடுகுல பாதி இருக்கும்." அவள் முன்வரிசையைக் கை நீட்டிக் காட்டினாள். "இவரு மூஞ்சி அதவிடப் பெருசுதானுங்களே?"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்டிரேட் மேஜையைத் தட்டினார். ஆனால் அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் தட்டினார். வக்கீல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆண்டியை ஜாமீனில் விட்டு, மில் முதலாளியிடம் புதிதாக வாக்குமூலம் வாங்கும்படி இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு போட்டார் மாஜிஸ்டிரேட். பத்து நாள் கழித்து ஆண்டி விடுதலையானான். அதற்குள் அவன் இடத்தில் நிற்கவேண்டியவர் பெயர் கேஸில் ஏறியிருந்தது.

ஆனால் சிதம்பரத்துக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பது அந்த முதல் நாள் மத்தியானத்தைத்தான். ரத்தினசபாபதி விறுவிறுவென்று கோர்ட்டு வாசலுக்கு வந்தார். யாரையும் பார்க்காமல், காலையில் தானே ஓட்டிவந்ததை மறந்து, பழைய பழக்கத்தில் காரின் பின்கதவைத் திறந்து, ஏறி, சாய்ந்து உட்கார்ந்து, "எடுடா" என்றார். கார் நகரவில்லை. முன்சீட்டில் யாரும் இல்லை. அவருடைய டிரைவர் ஆண்டி எதிர்ப்புறம் வேப்ப மரத்தடியில், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கூட்டம் காரைச் சுற்றிக் கூடிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து, ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"முன்னாடி வந்து நீங்களே ஓட்டுங்க சார்" என்றார். "ஸ்டேஷனுக்கு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."